பின்னிணைப்பில் போன பிள்ளைகள்

அலுவலகத்தில் அவளுக்குப் புள்ளியம்மா என்று பெயர். புள்ளியியல் படித்தவள் என்பதால் ஒட்டிக்கொண்டது. முதலில் வைத்தவர் யாரென்று யாருக்கும் ஞாபகமில்லை. முதுநிலை ஆய்வாளராகப் பதவி உயர்ந்த அன்று, இனிமேல் இவர் பெரும்புள்ளி என்று கேன்டீன்காரர் சொல்ல, அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

தாய்சேய் நல ஆராய்ச்சி நிலையம் என்று வாசலில் பெரிய பலகை. உள்ளே போனால் மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்குப் பின்னால் ஒடுங்கி நிற்கும் இரண்டு மாடிக் கட்டடம், அவ்வளவுதான். அவளுடைய மேசை இரண்டாம் மாடியில் சன்னலோரம். சன்னலைத் திறந்தால் சலவை சோடா வாசனை வரும். கீழே கொடிகளில் வரிசை வரிசையாகப் படுக்கை விரிப்புகள். பிரசவ வார்டு விரிப்புகளைத் தனியாக ஒரு மூலையில் காயப்போடுவார்கள். அத்தனை வருடத்தில் பிரசவ வார்டோடு அவளுக்கிருந்த நெருக்கம் அதுதான். நாற்பதாயிரம் பிரசவங்கள் அவள் கணினி வழியாகப் போயிருக்கின்றன. ஒன்றைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

வேலையில் அவள் புலி. சேர்ந்த மூன்றாவது வருடம், குழந்தைகளின் பிறப்பு எடைகளை வரைபடமாகப் போட்டுப் பார்த்தாள். இரண்டரைக் கிலோ என்ற இடத்தில் மட்டும் கோடு புகைபோக்கி மாதிரி எழும்பி நின்றது. இரண்டரைக்குக் குறைந்தால் குழந்தையை மூன்று நாள் தனியாகக் கவனித்துத் தனிப் படிவம் நிரப்ப வேண்டும் என்பது விதி. ஆள் பற்றாத வார்டுகளில், இரண்டு கிலோ நானூறு கிராம் குழந்தைகள் எல்லாம் பேனா முனையில் நூறு கிராம் ஏறிவிட்டன. அவள் இதைக் கண்டுபிடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அவர்தான் நிலையத்தின் தலைவர். அன்றிலிருந்து எந்த ஆய்வென்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிட்டார்.

யாராவது வந்து, அந்த மருத்துவமனையில் இப்படியாம் அப்படியாம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் அவள் கேட்பது ஒரே கேள்வி: எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் கொண்டு வா, இல்லையென்றால் காபி குடித்துவிட்டுப் போ. எழுதிய எண்ணே இரண்டரைக் கிலோவில் பொய் சொன்னதைக் கண்டுபிடித்தவள் அவள்தான். ஆனாலும் அந்தக் கேள்வியை விடவில்லை.

அவளுக்கு முப்பத்தேழு வயதானபோது வந்தது அந்தப் பெரிய ஆய்வு. பிறந்தவுடன் மூச்சு விடாமல் கிடக்கும் குழந்தைகளுக்கு, கையடக்கமான ஒரு ரப்பர் பையையும் சின்ன முகமூடியையும் வைத்து நுரையீரலுக்குள் காற்றை அனுப்பலாம். மருந்து வேண்டாம், மின்சாரம் வேண்டாம். பிறந்த முதல் நிமிடத்துக்குள் ஆரம்பித்தால் பல குழந்தைகள் தாமாக மூச்சு விடத் தொடங்கிவிடும். இதை ஆறு மருத்துவமனைகளின் செவிலியருக்குக் கற்றுக்கொடுப்பது, கற்றுக்கொடுப்பதற்கு முன் ஒரு வருடமும் பின் ஒரு வருடமும் நடக்கும் பிரசவங்களை ஒப்பிடுவது. உயிரோடு பிறந்த குழந்தைகள் முதல் வாரத்தில் இறப்பது குறைகிறதா என்பது கேள்வி. கேள்வியை எழுதியவர் பேராசிரியர். படிவத்தைத் தயாரித்து, எந்தக் கட்டத்தில் எது வர வேண்டும் என்று முடிவு செய்தவள் அவள்.

அதே வருடம் அவளுடைய தங்கை கர்ப்பமாக இருந்தாள்.

தங்கை இவளைவிட ஐந்து வயது சின்னவள். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளர் வேலை. எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எழுதுவாள், ஒலிபெருக்கியில் அறிவிப்பாள். வீட்டில்கூட 'அஞ்சு மணிக்கு வந்தேன்' என்று சொல்ல மாட்டாள். நாலு ஐம்பத்திரண்டு என்பாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அக்காளும் தங்கையும் ஒருவருக்கொருவர் எல்லாமாக இருந்தார்கள். அக்காளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அதைப் பற்றி அவள் பெரிதாக அலட்டிக்கொள்ளவும் இல்லை. தங்கைக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குத் துணி, தொட்டில், பொம்மை என்று வாங்கிக் குவித்தது தங்கையின் கணவரைவிட அவள்தான். எங்கே பிரசவம் வைத்துக்கொள்வது என்ற பேச்சு வந்தபோது, ஆய்வில் இருக்கும் ஆறில் ஒன்றைச் சொன்னதும் அவள்தான். பயிற்சி அங்கே இன்னும் தொடங்கவில்லை. மூன்று மாதம் இருந்தது.

குழந்தை இறந்துவிட்டது. பெண் குழந்தை.

மூன்றாம் நாள் தங்கை வீட்டுக்கு வந்தாள். படுக்கையறையில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், கணவர் கடைக்குப் போன நேரம் பார்த்து, அக்காளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அக்கா, அது உயிரோட இருந்துச்சு."

இவள் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழல. ஆனா வாயத் தொறந்து தொறந்து மூடுச்சு. கால அசைச்சுது. எதிர்ல சுவத்துல கடிகாரம் இருந்துச்சு, நான் அதையே பாத்துட்டு இருந்தேன். பத்து பதினொண்ணுக்குப் பொறந்துச்சு. துடைச்சுட்டே இருந்தாங்க, முதுகத் தட்டுனாங்க. பத்து பதினெட்டுக்குத் துணியால மூடிட்டாங்க. ஏழு நிமிஷம்க்கா."

மருத்துவமனையில் என்ன சொன்னார்கள் என்று இவள் கேட்டாள். இறந்தேதான் பிறந்தது என்று சொல்லிவிட்டார்களாம்.

மறுநாள் இவள் அந்த மருத்துவமனைக்குப் போனாள். ஆய்வுக்காரி என்பதால் பதிவேட்டைப் பார்க்க அனுமதி இருந்தது. நீளமான, பச்சை அட்டை போட்ட பதிவேடு. தங்கையின் வரியை விரலால் தேடிக் கண்டுபிடித்தாள். 'பிறப்பின் நிலை' என்ற பத்தியில் 'இறந்து பிறந்தது' என்று தெளிவான கையெழுத்தில் இருந்தது. அவள் அந்த ஒரு பத்தியைப் பார்த்தாள். பதிவேட்டை மூடி வைத்தாள்.

உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. உயிரோடு இருந்து போயிற்று என்றால் யாரோ ஏதோ செய்திருக்கலாம் என்று ஆகிறது. முதலிலேயே இல்லை என்றால் யார் மீதும் குற்றமில்லை, மனதும் சீக்கிரம் ஆறும். அப்படித்தான் அவள் நினைத்தாள். அன்று சாயங்காலமே தங்கையிடம் போய்ச் சொன்னாள்.

"நான் பதிவேட்டப் பாத்துட்டேன்டி. வயித்துக்குள்ளயே போயிடுச்சு. நீ வலியில, மயக்கத்துல எதையோ பாத்திருப்பே. மனசு அப்படித்தான் காட்டும்."

"எனக்கு மயக்க மருந்தே குடுக்கலையே."

"எழுதியிருக்குடி. நான் என் கண்ணால பாத்தேன்."

தங்கை அக்காளை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சரி என்றாள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினாள். அக்காளோடு வழக்கம்போல் எல்லாம் பேசினாள், குழந்தையைப் பற்றி மட்டும் பேசவில்லை. தேறிவிட்டாள் என்று இவள் எடுத்துக்கொண்டாள்.

ஆய்வு முடிந்தது. ஆயிரம் பிரசவத்துக்கு, உயிரோடு பிறந்து முதல் வாரத்தில் இறந்த குழந்தைகள் பயிற்சிக்கு முன் ஒன்பது. பயிற்சிக்குப் பின் பதினொன்று. குறையவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் கூடியிருந்தது. பேராசிரியர் முகம் வாடிவிட்டது. அவர் அந்தப் பயிற்சியை மனதார நம்பியிருந்தார். ஆனாலும் எண் சொல்வதை மறைக்கிற ஆளில்லை.

கட்டுரையின் பின்னிணைப்புக்காக அட்டவணைகள் போட்டுக்கொண்டிருந்தபோது அவள் ஒன்றைக் கவனித்தாள். இறந்தே பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு முப்பத்திரண்டிலிருந்து இருபத்திரண்டாகக் குறைந்திருந்தார்கள். பயிற்சியோ பிறந்த பிறகு செய்வதைப் பற்றியது. பிறப்பதற்கு முன்னாலேயே இறந்துபோன குழந்தைகளின் எண்ணிக்கை அதனால் ஏன் குறைய வேண்டும்? வரைவில் அதைப் பற்றி இரண்டு வாக்கியம் எழுதினாள். படித்துவிட்டுப் பேராசிரியர், இது நம் கேள்விக்குள் வருகிறதா என்று கேட்டார். கட்டளையாகக் கேட்கவில்லை, சந்தேகமாகத்தான் கேட்டார். வரவில்லை என்றாள் அவள். தேடிப் போனால் எங்காவது ஏதாவது ஒரு எண் குறைந்துதான் இருக்கும், கேட்காத கேள்விக்குப் பதில் தேடக்கூடாது என்று அவரிடமிருந்தே கற்ற பாடத்தை அவருக்கே சொல்லி, இரண்டு வாக்கியத்தையும் அடித்தாள். அட்டவணை மட்டும் நான்காவது பின்னிணைப்பில் தங்கியது. பின்னிணைப்பை யார் படிக்கிறார்கள்?

கட்டுரை வந்த ஆறு மாதத்தில் சுகாதாரத் துறை பயிற்சியை நிறுத்தியது. பலனில்லாத ஒன்றுக்குச் செவிலியரை வார்டிலிருந்து இழுப்பானேன் என்றார்கள். மற்ற மருத்துவமனைகளுக்குப் பிரித்தனுப்பக் கட்டி வைத்திருந்த ரப்பர் பைகள் கிடங்குக்குப் போயின. அந்தக் கட்டுரையைப் பலர் மேற்கோள் காட்டினார்கள். துணிச்சலாக எதிர்மறை முடிவை வெளியிட்டதற்காக நிலையத்துக்கு நல்ல பெயர். அவளுக்குத்தான் 'பெரும்புள்ளி' பதவி வந்தது.

ஒன்பது வருடம் போயிற்று.

மருத்துவமனைப் பதிவேடுகளைச் சரியாக நிரப்புவது எப்படி என்று மூத்த செவிலியருக்கு ஒரு நாள் வகுப்பு எடுக்கப் போயிருந்தாள். முப்பது பேர் இருந்தார்கள். பழைய ஆய்வின் அட்டவணைகளை உதாரணமாகத் திரையில் காட்டிக்கொண்டே வந்தாள். இறந்து பிறந்தவர்கள் குறைந்த அட்டவணை வந்தபோது, இதற்கு இன்றுவரை விளக்கம் கிடைக்கவில்லை என்று போகிறபோக்கில் சொன்னாள். பின் வரிசையில் இருந்த ஒரு செவிலி லேசாகச் சிரித்தார். ஓய்வு பெற ஆறு மாதம் இருப்பவர், ஆறு மருத்துவமனைகளில் ஒன்றில் அப்போது பிரசவ அறைப் பொறுப்பில் இருந்தவர். தேநீர் இடைவேளையில் இவள் அவரைத் தேடிப் போய், ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அது குறையல. நாங்க அப்படி எழுதறத நிறுத்திட்டோம்."

புரியவில்லை என்றாள் இவள். செவிலி கோப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். மூச்சு விடாமல், ஆனால் இதயத் துடிப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு என்ன செய்வதென்று அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தெரியாது. துடைப்பார்கள், தட்டுவார்கள், பார்த்துக்கொண்டே நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். உயிரோடு பிறந்து இறந்தது என்று எழுதினால் ஏழு பக்கம் படிவம், விசாரணை, ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி. இறந்து பிறந்தது என்றால் ஒரே ஒரு சொல்.

"பயிற்சி வந்தப்புறம் கையில பேகும் மாஸ்க்கும் இருந்துச்சு. முயற்சி பண்ணோம். முயற்சி பண்ணிட்டா, உயிரோட பொறந்துச்சுன்னுதான எழுதணும்? பாதிக்கு மேல பொழைச்சுது மேடம். சிலது ரெண்டு நாள் இருந்துட்டுப் போச்சு. அதுங்க உங்க கணக்குல புதுச் சாவா வந்துருச்சு."

ஏன் அப்போதே யாரும் சொல்லவில்லை என்று இவள் கேட்டாள்.

"யாரும் கேக்கல. உங்க படிவத்துலயும் அதுக்குக் கட்டம் இல்ல." பிறகு கொஞ்சம் தயங்கி, "படிவத்துக்குப் பயந்து மட்டும் எழுதலைங்க. அம்மாகிட்ட, அது முதல்லயே இல்லன்னு சொல்லிட்டா அவங்களுக்கு மனசு ஆறும்னு நெனச்சோம்" என்றார்.

மதிய வகுப்பை இவள் எப்படி எடுத்து முடித்தாளோ தெரியாது. எடுத்தாள்.

அடுத்த மூன்று வாரம் பழைய தரவுகளைக் கிளறினாள். வயிற்றுக்குள்ளேயே சில நாள் முன்பு இறந்த குழந்தைக்குத் தோல் உரிந்திருக்கும். பிறக்கும் நேரத்தில் இறந்த குழந்தையின் தோல் சாதாரணமாக இருக்கும். பதிவேட்டில் 'தோல்' என்று ஒரு பத்தி இருந்தது. ஆய்வுக்குத் தேவையில்லை என்று அதை அவள் கணக்கில் சேர்த்ததே இல்லை. இப்போது சேர்த்தாள். தோல் உரிந்தவை ஆயிரத்துக்குப் பயிற்சிக்கு முன்னும் பதின்மூன்று, பின்னும் பதின்மூன்று. தோல் சாதாரணமாக இருந்து 'இறந்து பிறந்தவை' முன்பு பத்தொன்பது, பின்பு ஒன்பது. செவிலி சொன்னது அச்சு அசலாக எண்ணில் உட்கார்ந்திருந்தது. எல்லா இறப்பையும் சேர்த்தால் பயிற்சிக்கு முன் ஆயிரத்துக்கு நாற்பத்தொன்று, பின்பு முப்பத்துமூன்று. ஆயிரத்துக்கு எட்டுக் குழந்தைகள்.

பயிற்சி நிற்காமல் தொடர்ந்திருந்தால் அந்த ஒன்பது வருடத்தில் எத்தனை என்று அவளால் போடாமல் இருக்க முடியவில்லை. குறைத்துப் போட்டால் ஆயிரத்து நானூறு. கூட்டிப் போட்டால் இரண்டாயிரத்து அறுநூறு. அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு வராந்தாவில் போய் நின்றாள். கீழே சலவைக்காரர் ஈர விரிப்புகளை உதறிக்கொண்டிருந்தார்.

அன்று மாலைதான் தங்கையின் வரியைத் திறந்தாள். இந்த முறை எல்லாப் பத்தியையும் படித்தாள். வார்டில் சேர்ந்தபோது குழந்தையின் இதயத் துடிப்பு: இருக்கிறது. பிரசவத்துக்குப் பத்து நிமிடம் முன்பு: இருக்கிறது. தோல்: சாதாரணம். எடை: போடவில்லை. பிறந்த நேரம் பத்து பதினொன்று.

பேராசிரியர் ஓய்வு பெற்று, காது கொஞ்சம் மந்தமாகி, வீட்டு முன்னறையில் நாளிதழ்களுக்கு நடுவே இருந்தார். திருத்தம் வெளியிட வேண்டும், கட்டுரையை எழுதியவர்களில் ஒருவராக அவர் கையெழுத்தும் வேண்டும் என்று கேட்கப் போனாள். எண்களை அவர் இரண்டு முறை பார்த்தார்.

"கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தானம்மா குடுத்தோம்."

"கேள்வி தப்பு சார்."

"கேள்வி என்னோடது. அப்ப தப்பும் என்னோடதுன்னு எழுது. நீ எதுக்கு உன் பேரைக் கெடுத்துக்கறே?"

அந்த இரண்டு வாக்கியத்தை அடித்தது தன் கைதான் என்றாள். அது அவருக்கு ஞாபகமே இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். இரண்டு வாரம் கழித்துக் கையெழுத்திட்ட தாள் தபாலில் வந்தது, கூட ஒரு வரிகூட இல்லாமல்.

திருத்தம் நான்கு பக்கமாக வெளிவந்தது. சிலர் பாராட்டினார்கள், துணிச்சல் என்றார்கள். அந்தச் சொல்லை இரண்டாவது முறை கேட்க அவளுக்குக் கூசியது. துறை மறுபடி பயிற்சியைத் தொடங்கச் சம்மதித்தது, முதலில் இரண்டு மருத்துவமனையில். கிடங்கில் கிடந்த ரப்பர் பைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவை வெடித்துப் பிசுபிசுத்துப் போயிருந்தன. புதிதாக வரவழைத்தார்கள். முதல் நாள் பயிற்சிக்கு அவளும் போய் உட்கார்ந்தாள். பயிற்சி கொடுத்த செவிலி, நீங்களும் செய்து பாருங்கள் என்று ரப்பர் குழந்தைப் பொம்மையை அவள் முன் வைத்தார். முகமூடி சரியாகப் பொருந்தாமல் காற்று ஓரத்தில் போயிற்று. நாலாவது முறை பொம்மையின் மார்பு மெல்ல எழும்பியது. ஆரம்பித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்லா வருது, அப்படியே செய்யுங்கள் என்று செவிலி ஊக்கப்படுத்தினார். அவள் முகமூடியைக் கீழே வைத்துவிட்டாள்.

இத்தனையும் முடிய ஒரு வருடம் ஆயிற்று. யாருக்கு முதலில் சொல்லியிருக்க வேண்டுமோ, அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. வேலை முடியட்டும், திருத்தம் வரட்டும், பயிற்சி தொடங்கட்டும் என்று ஒவ்வொன்றாகச் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தாள். சாக்குகள் தீர்ந்துபோன பிறகு, ஒரு மத்தியானம் பணிமனைக்குப் போனாள்.

தங்கை கண்ணாடி அறைக்குள் இருந்தாள். நரை விழுந்திருந்தது, நாற்பத்தைந்து வயது. அக்காளை அந்த நேரத்தில் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்று என்றுதான் கேட்டாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்று சொல்லி, சாப்பாட்டு நேரம்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். பிறகு இருவரும் பணிமனையின் பின்பக்கம், பழைய டயர்கள் அடுக்கியிருந்த சுவரோரம் போய் உட்கார்ந்தார்கள். இவள் எதையும் விடாமல் சொன்னாள்: செவிலி சொன்னது, பதிவேட்டின் மற்றப் பத்திகள், இதயத் துடிப்பு. "நீ பாத்ததுதான் நெசம்" என்று முடித்தாள்.

தங்கை சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"ஒரு வருஷம் ஆச்சு."

"ம்." ஒரு பேருந்து பின்வாங்கி நின்று அணைந்தது. "நான் பாத்தேன்னு எனக்குத் தெரியும்க்கா. நீ சொன்னப்புறம்தான் சந்தேகம் வந்துச்சு. ஆஸ்பத்திரிக்காரங்க சொன்னத நான் நம்பல. நீ சொன்னே, நம்பிட்டேன். அதுக்கப்புறம் வண்டி வந்த நேரத்தக்கூட ரெண்டு தடவ பாத்துத்தான் எழுதறேன், இன்னிக்கு வரைக்கும்."

மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தாள் இவள். தங்கை கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதுகூடப் பரவால்ல. வயித்துக்குள்ளயே போயிடுச்சுன்னு சொன்னே இல்ல? அப்ப என் வயிறுதான் சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன். உள்ள வச்சு ஒரு உயிரக் காப்பாத்தத் தெரியாத வயிறுன்னு. அவர் எத்தனையோ தடவ கேட்டார், இன்னொண்ணு பெத்துக்கலாம்னு. நான்தான் வேணாம்னுட்டேன். காரணத்த அவர்கிட்டகூடச் சொல்லல."

இவளுக்கு இது தெரியாது. தங்கைக்கு மறுபடி அமையவில்லை என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நாற்பதாயிரம் பெண்களின் வயது, எத்தனையாவது பிரசவம், முந்தைய பிரசவத்துக்கும் இதற்கும் எத்தனை மாத இடைவெளி என்று எல்லாம் கேட்டு வாங்கி வைத்திருந்தவள், தன் தங்கையிடம் கேட்கவில்லை. அழுகை வந்தது. அழுதால் தங்கை தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியதால் அடக்கிக்கொண்டாள்.

மருத்துவமனையில் பேசிப் பதிவேட்டில் அந்த வரியைத் திருத்தச் சொல்லலாம், விண்ணப்பம் கொடுத்தால் செய்வார்கள் என்று கடைசியில் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது.

"வேணாம்க்கா. யார் படிக்கறதுக்கு?" என்றாள் தங்கை. நேரம் பார்த்துவிட்டு எழுந்தாள். இரண்டு முப்பது வண்டிக்கு அறிவிப்பு இருந்தது. சாப்பாட்டு டப்பா திறக்கப்படாமலே அவளோடு உள்ளே போயிற்று.

அதன் பிறகு நிலையத்தில் புள்ளியம்மா ஒரு புதிய ஆய்வைத் தொடங்கினாள். பிரசவத்தில் குழந்தையை இழந்த தாய்மாரிடம் நேரில் போய், நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது. அறிவியல் குழுவில் ஓர் இளைய ஆய்வாளர், தாய்மாரின் ஞாபகம் எப்படிச் சான்றாகும் என்று கேட்டார். பத்து வருடத்துக்கு முன் அவளே கேட்டிருப்பாள் அதை. கோபப்படாமல் பதில் சொன்னாள். முன்னூற்றுப் பதினெட்டுப் பேரிடம் கேட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், பதிவேட்டில் இறந்து பிறந்தது என்று இருந்தபோதும், குழந்தை அசைந்ததைப் பார்த்தோம் என்றார்கள். பலர் அதற்கு முன் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. தன்னைச் சேர்க்க வேண்டாம் என்று தங்கை முன்பே சொல்லியிருந்தாள். சேர்க்கவில்லை.

தங்கை பேச்சை நிறுத்திவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்தாள். உடம்பு எப்படி, மழை பெய்ததா, தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தாள். தூரத்து உறவினரிடம் பேசுவதுபோல் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் சண்டை போட்டுப் போனை வைப்பார்கள். இப்போது சண்டை வருவதே இல்லை.

போன மாதம் தங்கைக்கு வேறு பணிமனைக்கு மாற்றல் வந்தது. வீடு மாற்ற உதவிக்கு இவளும் போனாள். இரும்பு அலமாரி புது வீட்டு வாசலில் நுழைய மறுத்தது. தங்கையின் கணவர் ஒரு பக்கம் தள்ள, இவள் ஒரு பக்கம் இழுக்க, நேராக்கு, சாய்த்துப் பிடி என்று தங்கை உள்ளேயிருந்து அதட்டினாள். எப்படியோ உள்ளே போயிற்று. கையெல்லாம் துரு. மூவரும் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்து, போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் பண்ணு என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் இவள் போன் செய்தாள். வந்துவிட்டேன் என்றாள். சரி, ஓய்வெடு என்றாள் தங்கை. இன்னும் ஏதாவது சொல்வாள் என்று இவள் சற்றுநேரம் காதில் வைத்துக் காத்திருந்தாள். அந்தப் பக்கம் பாத்திரங்களை எடுத்து அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு தங்கை போனை வைத்துவிட்டாள்.